காசு வாங்காத வக்காலத்து

மரியாதை ராமன் கதையில் ஒரு கிழவி வருவாள். நாலு பேர் அவளிடம் ஒரு பணப்பானையைக் கொடுத்து, நாங்கள் நால்வரும் சேர்ந்து வந்து கேட்டால்தான் தரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருநாள் தெருவில் மோர் வருகிறது. பாத்திரம் வாங்கி வரச் சொல்லி நால்வரில் ஒருவனை அனுப்புகிறார்கள். அவன் கிழவியிடம் போய் அந்தப் பானையையே கேட்கிறான். கிழவி விவரமானவள். "கொடுக்கட்டுமா?" என்று தூரத்தில் நிற்பவர்களைக் கேட்கிறாள். "கொடு, கொடு" என்கிறார்கள். ஆள் பானையோடு கம்பி நீட்டிவிடுகிறான். மற்ற மூவரும் கிழவிமேல் வழக்குப் போட, அவளே பணம் கட்டவேண்டும் என்று தீர்ப்பாகிறது. அழுதுகொண்டே தெருவில் வந்தவளுக்கு, விளையாடிக்கொண்டிருந்த பொடியன் ராமன் வழி சொல்கிறான். பானை தரத் தயார், ஆனால் நாலு பேரும் சேர்ந்து வரவேண்டும் என்பதுதானே பேச்சு? நாலாவது ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டும்!

இது நம்மூர்க் கதைதானே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, பிரான்சின் தூர் நகரத்தில் இதே வழக்கு நடந்ததாக அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அங்கே சத்திரம் நடத்தும் ஒரு விதவை, இரண்டு மோசடிக்காரர்கள், ஒரு பெட்டி. ராமன் இடத்தில் ஈவோ என்ற பிரிட்டனி பகுதி வக்கீல். அதற்கும் ஆயிரம் வருடங்களுக்கு மேல் முன்னால், வலேரியஸ் மாக்சிமஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் இதே கதையை கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிசின் பெயரில் எழுதி வைத்திருக்கிறார். யார் யாரிடம் சுட்டார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கப்பலேறிய வியாபாரிகளோடு மிளகு போனது, கதை வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று ஊரிலும் கிழவிக்காகப் பேசியவர் காசு வாங்கவில்லை. கிழவி ஜெயித்தவுடன் கதையும் முடிந்துவிடுகிறது. அன்று ராத்திரி அந்த வக்கீல் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. இலவச சட்ட உதவியின் சரித்திரம் முழுக்க அந்த உலையைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

ரோமானியர்கள் இதற்கு ஒரே போடாகப் போட்டார்கள். கி.மு. 204-ல் வந்த சின்சியஸ் சட்டப்படி, வழக்கில் பேசுகிறவர் கட்சிக்காரரிடம் பணமோ பரிசோ வாங்கக் கூடாது. காகிதத்தில் பார்த்தால் ரோமில் சட்ட உதவி எல்லாருக்கும் இலவசம். நடைமுறையில், பெரிய மனிதர் வீட்டு வாசலில் காலையில் போய் நின்று கும்பிடு போடுகிற ஆட்களுக்குத்தான் அந்த இலவசம். மற்றவர்களுக்குச் சட்டம் ஒரு பக்கம், பேரம் ஒரு பக்கம். சாமியஸ் என்றொரு ரோமானியர் சுயிலியஸ் என்ற பிரபல வக்கீலுக்கு 4 லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்துவிட்டு, அவர் எதிராளியோடு கைகோத்துவிட்டதைத் தெரிந்துகொண்டு, அந்த வக்கீல் வீட்டிலேயே வாளில் விழுந்து உயிரை விட்டார். பிரச்சனை செனட் சபைக்குப் போனது. பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுக்கவேண்டும் என்றார்கள் சிலர். பீஸ் இல்லாவிட்டால் இந்தத் தொழிலுக்கு யார் வருவார்கள் என்றார்கள் வக்கீல்கள். கிளாடியஸ் சக்கரவர்த்தி கி.பி. 47-ல் நடுவே நின்று, பத்தாயிரம் செஸ்டர்சுக்கு மேல் வாங்கக் கூடாது என்று முடித்து வைத்தார். வக்கீல் பீஸ் சட்டபூர்வமானது இப்படித்தான். இல்லாதவனுக்கு என்ன வழி என்று அந்தச் சபையில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டவர்கள் பாதிரியார்கள். தூர் விதவைக்காக வாதாடிய ஈவோ 1253-ல் பிறந்து, மாதா கோயில் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். விதவைகள், அநாதைகள் வழக்கைத் தானே எடுத்து நடத்துவார் என்று பெயர். 1303-ல் இறந்தார், 1347-ல் புனிதராக்கப்பட்டார். வக்கீல் ஒருவர் புனிதராவது அப்போதும் அபூர்வமான சங்கதிதான். ஓவியங்களில் அவருக்கு ஒருபக்கம் பணக்காரன், ஒருபக்கம் ஏழை நிற்பார்கள். ஒவ்வொரு வருடமும் அவர் நினைவு நாளான மே 19-ஐ ஒட்டி பிரிட்டனியின் த்ரெகியே ஊரில் வக்கீல்கள் கறுப்பு அங்கியோடு ஊர்வலம் போகிறார்கள்.

தர்மத்திலிருந்து இது சட்டப் புத்தகத்துக்குத் தாவியது ஸ்காட்லாந்தில். அங்கே முதலாம் ஜேம்ஸ் ராஜா பதினெட்டு வருடம் இங்கிலாந்தில் கைதியாக இருந்துவிட்டு 1424-ல் ஊர் திரும்பினார். ஓராண்டுக்குள் அவருடைய பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. வழக்கை நடத்தத் திராணியில்லாத ஏழைக்கு நல்ல வக்கீல் ஒருவரை நீதிபதியே அமர்த்தவேண்டும், ஏழை ஜெயித்தால் தோற்றவன் வக்கீல் செலவையும் கட்டவேண்டும். பிறத்தியார் தயவில் வாழ்வது எப்படி என்று அறிந்த ராஜா!

இங்கிலாந்து 1495-ல், ஏழாம் ஹென்றி காலத்தில், தன் பங்குக்கு ஒன்று செய்தது. ஏழை வாதிக்குக் கட்டணமில்லாமல் கோர்ட் உத்தரவுகள், கூலியில்லாமல் வக்கீல். கையோடு சந்தேகமும் வந்து சேர்ந்தது. ஐந்து பவுனுக்கு மேல் சொத்தில்லை என்று சத்தியம் செய்யவேண்டும். வழக்கில் தோற்றால் எதிராளியின் செலவைக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் சவுக்கடி வாங்கவேண்டும், எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் இருந்ததை 18-ஆம் நூற்றாண்டு சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். தன் காலத்தில் அது வழக்கொழிந்துவிட்டது என்றும் சேர்த்தே எழுதுகிறார். நல்லவேளை.

இந்தச் சந்தேகம் வெள்ளைக்காரரோடு கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1908-ன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 33-ஆம் கட்டளை என்று ஒன்று உண்டு. பழைய வக்கீல் குமாஸ்தாக்கள் 'பாப்பர் வழக்கு' என்பார்கள். கோர்ட் கட்டணம் கட்ட வழியில்லை என்று மனுதாரர் நிரூபிக்கவேண்டும். கட்டணம் குறிப்பிடப்படாத வழக்கென்றால், உடுத்தியிருக்கும் அவசியத் துணியையும் வழக்கிலுள்ள சொத்தையும் கழித்துவிட்டு 100 ரூபாய் பெறுமானத்துக்குச் சொத்து இல்லை என்று காட்டவேண்டும். இடுப்பு வேட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது சர்க்காரின் பெருந்தன்மை. இவ்வளவும் செய்தாலும் கிடைப்பது கோர்ட் கட்டண விலக்குதான். வக்கீலை மனுதாரரே தேடிக்கொள்ளவேண்டும். 1976-ல் திருத்தம் வந்தபிறகுதான் கோர்ட்டே வக்கீல் அமர்த்தலாம் என்றானது, 100 ரூபாயும் 1,000 ஆனது.

அதுவரைக்கும் ஏழைக்கு வக்கீல் கிடைப்பது அந்தந்த ஊர் வக்கீலின் மனசைப் பொறுத்தது. ஒட்டப்பிடாரத்தில் 1895-ல் தொழில் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை ஏழைகளின் கிரிமினல் வழக்குகளைக் காசில்லாமலும் நடத்தினார். போலீசாரோடு உரசல் முற்றவே, தானும் வக்கீலான அப்பா உலகநாத பிள்ளை மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். வ.உ.சி. தொழில் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னால், 1894-ல், டர்பனில் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆன காந்தியின் அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் அப்படித்தான் நிற்கவேண்டும் என்று பழகிப்போனவர், இந்திய வக்கீல் முன்னாலும் அப்படியே நின்றார். காந்திக்கு அப்போது அவர் பேசியது புரியவில்லை. தமிழரான குமாஸ்தாதான் கேட்டுச் சொன்னார். காந்தி அவரை டாக்டரிடம் காட்டி, மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போய், கடைசியில் ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்ற வழி செய்தார். இப்படியும் ஒரு வக்கீல் இருக்கிறார் என்ற செய்தி கூலிகளின் குடியிருப்புகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

பிழைக்க வந்த இடத்தில் ஏமாற்றப்பட்டவர்கள்தான் இந்தக் கதையில் அடுத்த திருப்பத்தையும் கொண்டுவந்தார்கள். நியூயார்க் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக ஜெர்மானியர்கள் இறங்கிக்கொண்டிருந்த காலம். மொழி தெரியாது. வேலை வாங்கிக்கொண்டு கூலி தராத முதலாளி, பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் விடுதிக்காரர் என்று காத்திருப்பவர்கள் ஏராளம். 1876-ல் அங்கிருந்த ஜெர்மானியப் பெரிய மனிதர்கள் ஒரு சட்டப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். முதல் தலைவர் எட்வர்ட் சாலமன், விஸ்கான்சின் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். சங்கம் சாதிச் சங்கம் மாதிரிதான். நம்மாளுக்கு மட்டும்!

1890-ல் தலைவராக வந்த ஆர்தர் ஃபான் பிரீசன் கதவை எல்லாருக்கும் திறந்துவிட்டார். கதவைத் திறந்தால் நன்கொடையும் உள்ளே வருமே என்ற கணக்கும் இருந்திருக்கலாம். ஏழைக்கு நியாயம் கிடைத்தால் அவன் கலகக்காரர் பேச்சைக் கேட்கமாட்டான் என்று பணக்காரர்களிடம் எடுத்துச் சொல்லுவார். 1896-ல் பெயரும் மாறி 'லீகல் எய்ட் சொசைட்டி' ஆனது. பல நாடுகளில் இன்று புழங்கும் பெயர் ஒரு ஜெர்மானியச் சங்கத்தின் மறுபெயர் என்பது பலருக்குத் தெரியாது. நியூயார்க்கில் அந்தச் சங்கம் இப்போதும் நடக்கிறது.

காப்பியடிக்க ஆளா இல்லை? ஊருக்கு ஊர் சங்கங்கள் முளைத்தன. பாஸ்டன் சங்கத்தை நடத்திய இளைஞர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் கையில் பணமும் இல்லை, ஆளும் இல்லை. எந்த வழக்குக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று குறித்துவைக்கத் தொடங்கினார். 1919-ல் 'ஜஸ்டிஸ் அண்ட் தி பூவர்' என்று புத்தகம் எழுதினார். அமெரிக்க நீதிமன்றங்கள் ஏழையை எப்படிக் கைவிடுகின்றன என்று விலாவாரியாகச் சொன்ன அந்தப் புத்தகத்தால் நாடு முழுக்கச் சட்ட உதவிச் சங்கங்கள் பெருகின. அதே வருடம் அவர் ஒரு பெரிய தனியார் வக்கீல் நிறுவனத்தை நிர்வகிக்கப் போனார். நேரக் குறிப்புப் பழக்கத்தையும் கூடவே எடுத்துப் போனார். ஒரு மணி நேரத்தைப் பத்துக் கூறாக வெட்டி, ஆறு நிமிடத்துக்கு ஒரு கணக்கு. உலகத்தின் பெரிய வக்கீல் கம்பெனிகள் இன்று மணிக்கணக்கில் பில் போட்டுக் கட்சிக்காரரைக் கதிகலங்க வைக்கும் முறைக்கு மூலபுருஷர், இலவச சட்ட உதவியின் இந்த மூலபுருஷர்தான்.

சங்கம் நன்கொடையில் ஓடுகிறது, நன்கொடை நின்றால் சங்கமும் நின்றுவிடும். இதற்கு மாற்று சொன்னவர் கிளாரா ஷார்ட்ரிட்ஜ் ஃபோல்ட்ஸ், கலிபோர்னியாவின் முதல் பெண் வக்கீல். கணவன் கைவிட்டுப்போக, ஐந்து குழந்தைகளோடு சட்டம் படித்தவர். பெண்கள் வக்கீலாகவே முடியாது என்றிருந்த சட்டத்தை முதலில் மாற்றவைத்துவிட்டு, பிறகு வக்கீலானார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் (அதே கண்காட்சியை ஒட்டித்தான் விவேகானந்தர் பேசினார்) ஃபோல்ட்ஸ் ஒரு கேள்வி கேட்டார். குற்றம் சாட்டும் வக்கீலுக்கு அரசு சம்பளம் தருகிறது, குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வக்கீலுக்கு ஏன் தரக்கூடாது? 1914-ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் அப்படி முதல் அலுவலகம் திறந்தது.

ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் என்பது நாடு முழுக்கக் கட்டாயமாக, ஒரு சில்லறைத் திருட்டு தேவைப்பட்டது. 1961-ல் புளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் யாரோ புகுந்து, இயந்திரங்களில் இருந்த சில்லறையையும் கொஞ்சம் மதுவையும் எடுத்துப் போனார்கள். கிளாரன்ஸ் கிடியன் என்ற நாடோடியைப் பிடித்தார்கள். வக்கீல் வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் அரசு வக்கீல் தரும் என்றார் நீதிபதி. தனக்குத்தானே வாதாடித் தோற்று, ஐந்து வருடத் தண்டனையோடு சிறைக்குப் போன கிடியன், 1962 ஜனவரியில் சிறைக் காகிதத்தில் பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. கிடியனுக்காக வாதாட ஏப் ஃபோர்டஸ் என்ற பெரிய வக்கீலை அமர்த்தியது.

இதில் புளோரிடா அரசு செய்த காரியம்தான் வேடிக்கை. எங்களுக்கு ஆதரவாக மனு போடுங்கள் என்று மற்ற மாநிலங்களுக்கெல்லாம் கடிதம் எழுதியது. ஆதரவு தந்தவை இரண்டே மாநிலங்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கிடியன் பக்கம் சேர்ந்துகொண்டன. 1963 மார்ச் 18-ல் நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒரே குரலில், பெருங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு வக்கீல் தந்தே ஆகவேண்டும் என்றார்கள். ஆகஸ்டில் மறுவிசாரணை. இந்தமுறை உள்ளூர் வக்கீல் பிரெட் டர்னர் குறுக்கு விசாரணை செய்தார். முக்கிய சாட்சியை அவருக்கு முன்பே தெரியும், ஒரு பழைய வழக்கில் அவருடைய கட்சிக்காரர்! சாட்சியம் ஆட்டம் கண்டது. ஜூரிகள் சற்று நேரத்தில் விடுதலை என்று சொல்லிவிட்டார்கள். அதே ஊர், அதே நீதிபதி, அதே குற்றச்சாட்டு. வக்கீல் மட்டும்தான் புதுசு.

இங்கிலாந்து வேறு பாதையில் போனது. போருக்குப் பிறகு, 1949-ல், சட்ட உதவிச் சட்டம் கொண்டுவந்தது. ஏழை தன் வக்கீலைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்வார், பீஸ் அரசு தரும். சிங்கப்பூரில் 1958-ல் அரசின் சட்ட உதவி அலுவலகம் திறந்தது. இலங்கையில் 1978-ன் 27-ஆம் இலக்கச் சட்டம் சட்ட உதவி ஆணைக்குழுவை உருவாக்கியது. லண்டனிலோ, ஏழைகள் வக்கீல் ஆபீஸ் படியேறத் தயங்குகிறார்கள் என்று, 1970-ல் வடக்கு கென்சிங்டனில் ஒரு பழைய கசாப்புக் கடையை வாடகைக்கு எடுத்துத் தெருவோரத்தில் சட்ட மையம் திறந்தார்கள். அமெரிக்கக் குடிசைப் பகுதி மையங்களைப் பார்த்து வந்த யோசனை அது.

இந்தியாவுக்கு வருவோம். பம்பாயில் 1924-லேயே ஒரு சட்ட உதவிச் சங்கம் இருந்தது. அதே பம்பாயில், இங்கிலாந்து சட்டம் வந்த அதே 1949-ல், நீதிபதி என்.எச்.பகவதி தலைமையில் ஒரு குழு அமைந்தது. அறிக்கை வந்தது, அலமாரிக்குப் போனது. இருபது வருடம் கழித்து குஜராத்தில் இன்னொரு குழு. தலைவர் அவர் மகன், நீதிபதி பி.என்.பகவதி. அப்பன் போட்ட கோப்பை மகன் தூசி தட்டினார் என்று சொல்லலாம். மத்திய அரசு 1972-ல் போட்ட குழுவுக்கு வி.ஆர்.கிருஷ்ணய்யர் தலைவர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், தலச்சேரியில் வக்கீல் தொழில். 1948-ல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்பதற்காக ஒரு மாதம் சிறையில் இருந்தவர். சட்ட உதவியைப் பற்றி அறிக்கை எழுத இதைவிடத் தகுதியான ஆள் ஏது?

இந்த அறிக்கைகளின் விளைவாக அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு நுழைந்தது. பொருளாதாரக் காரணத்தால் ஒருவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, இலவச சட்ட உதவி தருவது அரசின் பொறுப்பு என்றது அது. எப்போது நுழைந்தது என்று பாருங்கள்: 1976, நெருக்கடி நிலை, 42-ஆவது திருத்தம். நீதிமன்றங்களின் கையைக் கட்டிய அதே திருத்தம்தான் ஏழைக்கு வக்கீல் தருவதாகவும் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரலில், விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிச் சொன்ன நான்கு நீதிபதிகளில் பி.என்.பகவதியும் ஒருவர். சட்ட உதவிக்காக அவ்வளவு உழைத்தவர் அந்தத் தீர்ப்பில் ஏன் கையெழுத்திட்டார் என்பது எனக்கு இன்றும் பிடிபடாத விஷயம். பல வருடங்கள் கழித்து அவரே அது தவறு என்று சொன்னார்.

39-ஏ ஒரு வழிகாட்டு நெறிதான், கோர்ட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கும் உரிமை அல்ல. அதை உரிமையாக்கிய ஆள் யார் என்றால், ஒரு போலி சர்டிபிகேட் ஆசாமி. ஹோஸ்காட் என்ற பல்கலைக்கழக ஆசிரியர், இன்னொரு பல்கலைக்கழகத்தின் போலிப் பட்டம் தயாரிக்க பம்பாயில் அச்சுக்கட்டை செய்பவரிடம் போனார். அவர் போலீசிடம் சொல்லிவிட்டார். செஷன்ஸ் கோர்ட் தந்த தண்டனை, அன்று கோர்ட் கலையும்வரை உட்கார்ந்திருப்பது. உயர் நீதிமன்றம் அதை மூன்று வருடமாக்கியது. தீர்ப்பு நகல் கைக்கு வராமல், மேல்முறையீடு செய்வதற்குள் தண்டனைக் காலமே ஓடிவிட்டது. 1978-ல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யரிடம் வந்தது. மனு தள்ளுபடி. ஆனால் தீர்ப்பில் அவர் எழுதி வைத்தார்: கைதிக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகத் தரவேண்டும், வக்கீல் வைக்க முடியாதவருக்கு அரசு வக்கீல் தரவேண்டும், இது உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது. ஹோஸ்காட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது.

அடுத்த வருடமே பிகார் சிறைகளின் அவலம் வெளியே வந்தது. போலீஸ் அதிகாரி ரஸ்தம்ஜி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்'-ல் எழுதிய கட்டுரைகளை வைத்து வக்கீல் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். பெண் கைதி ஒருவரின் பெயரில் 'ஹுசைனாரா கத்தூன் வழக்கு' என்று சட்டப் புத்தகத்தில் ஏறிய அந்த வழக்கில் தீர்ப்பெழுதியவர் பி.என்.பகவதி. இலவச சட்ட உதவி இல்லாமல் நியாயமான விசாரணை இல்லை என்றார்.

1987-ல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறியது. அமலுக்கு வர எட்டு வருடம் எடுத்துக்கொண்டது: 1995 நவம்பர் 9. நம் தாலுகா கோர்ட் வளாகத்தில் 'வட்ட சட்டப்பணிகள் குழு' என்று போர்டு மாட்டியிருக்கும் அறை இந்தச் சட்டத்தின் பிள்ளை. இதன் 12-ஆம் பிரிவில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானச் சான்று தேவையில்லை. ஐந்து பவுன், நூறு ரூபாய் என்று ஐந்நூறு வருடமாக அளந்துகொண்டிருந்த முழக்கோலை இவர்களுக்காவது கீழே வைத்தார்கள். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் மனுதான், 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

ஆனாலும் வீட்டுக்காரர் ஜெயிலில் என்றால், தோட்டை அடகு வைத்தாவது 'நம்ம வக்கீல்' ஒருவரைப் பிடிக்கத்தான் குடும்பம் ஓடுகிறது. காசு கொடுக்காத வக்கீல் நமக்காக உழைப்பாரா என்ற சந்தேகம். அது முழுக்க வீண் சந்தேகமும் இல்லை. குழுவின் பட்டியலிலுள்ள வக்கீலுக்கு, அதாவது பேனல் வக்கீலுக்கு, வழக்குக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம் உண்டு. அது சொந்த வழக்கின் பீசுக்குக் கிட்டே வராது. கட்சிக்காரரிடம் தனியாக வாங்கவும் கூடாது, சின்சியஸ் சட்டம் மறுபிறவி எடுத்தமாதிரி. சொந்த வழக்குக்கும் இலவச வழக்குக்கும் ஒரே நாளில் வாய்தா வந்தால் கால் எந்தக் கோர்ட் பக்கம் போகும் என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதற்குத்தான் 2022-ல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒரு மாற்று கொண்டுவந்தது. மாவட்டத் தலைநகரங்களில் கிரிமினல் வழக்குகளுக்கு முழுநேர எதிர்வாத வக்கீல்கள், மாதச் சம்பளம், சொந்தத் தொழில் செய்யத் தடை. ஃபோல்ட்ஸ் அம்மையார் சிகாகோவில் கேட்டது நம்மூருக்கு வந்துசேர 129 வருடம் பிடித்திருக்கிறது. சிவில் வழக்கென்றால் இன்னமும் பேனல் வக்கீல்தான். இங்கிலாந்து வழியில் வந்தவரும் லாஸ் ஏஞ்சலஸ் வழியில் வந்தவரும் இப்போது ஒரே வளாகத்தில், சில ஊர்களில் ஒரே அறையில், மேஜையைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.